மஞ்சள் டேப் ஒட்டிய படகு

தொழிற்சாலைத் தரையில் ஒட்டுகிற மஞ்சள் டேப்பைப் படகிலும் ஒட்டலாம் என்று எங்கள் சூப்பர்வைசருக்குத்தான் தோன்றியது. தரையில் அது எதற்கென்று எல்லாருக்கும் தெரியும். டிராலி இங்கே நிற்க வேண்டும், தொட்டி இங்கே இருக்க வேண்டும், ஆள் இந்தக் கோட்டுக்கு உள்ளே நிற்க வேண்டும். படகின் விளிம்பில், ஒவ்வோர் இருக்கைக்கும் முன்னால், ஒரே அளவு தள்ளிப் பத்துத் துண்டு ஒட்டினார். துடுப்பு அந்த இடத்தில்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். பத்துப் பேருக்கும் ஒரே அளவு. அந்த அளவை என் கையை வைத்துத்தான் எடுத்தார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு வருடம் இருந்ததில்லை. திருப்பூரில் சட்டைகளுக்குக் காஜா போட்டேன். ஓசூரில் லாரிக்கு கிளீனராகப் போனேன். ஆலப்புழைப் பக்கம் ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்கினேன். அங்கே ஒரு மழைக்காலத்தில், மில்லுக்குப் பின்னாலிருந்த படகுக் குழுவுக்கு ஆள் குறைந்தது. சாப்பாடு போடுகிறார்கள் என்று போய் உட்கார்ந்தேன். நூறு பேர் உட்காரும் நீளப் படகு. நெட்டையும் குட்டையும் கலந்து இருந்தோம். பயிற்சி கொடுத்தவர் எங்கள் கையைப் பார்க்கவே மாட்டார். கரையில் கூடவே நடந்து படகின் மூக்கை மட்டும் பார்ப்பார். மூக்கு துள்ளினால் எவனோ முந்துகிறான் என்று அர்த்தம். அவனைக் கண்டுபிடித்துத் திட்டுவார். மற்றபடி எவ்வளவு குனிந்தாய், எவ்வளவு எட்டினாய் என்று கேட்டதில்லை. துடுப்பு எல்லாம் ஒன்றாக இறங்க வேண்டும், இறங்கிய நொடியில் உடம்பின் எடை அதன்மேல் வந்துவிட வேண்டும். அவருக்கு அது போதும்.

இரண்டு மாதம் அங்கே துடுப்புப் போட்டேன். பல வருடம் கழித்து, ஒரகடத்தில் கேன்டீன் மேசையில் அதைச் சொல்லிவிட்டேன். யாரோ போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் படகு தெரியும் என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் கம்பெனி கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்வது. நான் அங்கே காண்ட்ராக்டில் ஸ்டோர்ஸில் டிராலி தள்ளினேன். அந்த வருடம் ஐந்து கம்பெனிகள் சேர்ந்து, வாலாஜாபாத் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு பெரிய ஏரியில், ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் படகுப் போட்டி வைப்பதாக முடிவு செய்தார்கள். தொழிலாளிகளுக்குள் ஒற்றுமை வளரும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது. ஃபைபர் படகு, துடுப்பு, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை எல்லாம் வாடகைக்கு வந்தன. ஒரு படகில் பத்துப் பேர், வரிசைக்கு இருவராக ஐந்து வரிசை. முன்னால் எங்களைப் பார்த்தபடி மேளம் அடிக்க ஓர் ஆள். பின்னால் நின்று திருப்ப, படகோடு வந்த ஓர் ஆள்.

என் அறையிலிருந்து ராமநாதபுரத்துக்காரனும் பெயர் கொடுத்தான். நாங்கள் வல்லம் வடகாலில் ஒரு மாடி வீட்டில் ஆறு பேர் ஓர் அறையில் இருந்தோம். அவனுக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு வருடப் பயிற்சியாளாக எடுத்திருந்தார்கள். போட்டி முடிந்து அடுத்த மாதம் அவனுடைய இரண்டு வருடம் முடிகிறது. முடிந்தால் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். ஒருவர் இருவரை நிரந்தரமாக எடுப்பார்கள். படகில் உட்காருகிறவர்களின் பெயர் மேனேஜர் கண்ணில் படும் என்று சூப்பர்வைசரே சொன்னார். அது போதுமாக இருந்தது அவனுக்கு. அவன் வீட்டுப் படகு கடலில் எல்லை தாண்டிப் பிடிபட்டு, அக்கரையில் வெயிலில் மக்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் போனால் ஏறுவதற்கு அவனுக்குப் படகு இல்லை. இந்த வேலையை விட்டால் வேறு போக்கில்லை என்று அவன் சொன்னதில்லை. ஆனால் இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.

முதல் நாள் காலை ஆறரைக்கு ஏரியில் இறங்கினோம். மேளம் அடிக்க வந்தவன் உள்ளூர்க்காரன், வெல்டிங் பிரிவு, நிரந்தரம். ஒல்லி உடம்பு, பெரிய வாய். அவன் அப்பா காலத்தில் அந்த ஏரித் தண்ணீரில்தான் அவர்கள் நிலத்தில் நெல் விளைந்தது. இப்போது அந்த நிலத்தில் வேறொரு கம்பெனியின் லாரி ஷெட் நிற்கிறது.

"இன்னாபா இது, உக்காந்தாலே ஆடிகினு கீது" என்றான். "இந்த ஏரில நாங்க மாடு குளிப்பாட்டிகினு இருந்தோம். இப்போ எங்கள இட்டாந்து குளிப்பாட்றானுங்க."

"மேளம் எங்கடா?" என்று யாரோ கேட்டார்கள்.

"போட்டி அன்னிக்குத்தான் தருவானாம். அதுவரிக்கும் பெயின்ட் பக்கெட்டுதான்." கவிழ்த்து வைத்து ஒரு குச்சியால் தட்டினான்.

அன்று துடுப்போடு துடுப்பு இடித்துக்கொண்டோம். ஒருவன் கணுக்கையைக் கிழித்துக்கொண்டான். இரண்டு தண்ணீர் கேன்களைக் கல்லில் கட்டி மிதக்கவிட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு நேரம் என்று சூப்பர்வைசர் கரையில் நின்று போனில் பார்த்தார். இரண்டு நிமிடம் இருபத்தாறு விநாடி. அடுத்த நாள் நான், வேகத்தை விடுங்கள், பக்கெட் சத்தத்துக்குத் துடுப்பு இறங்கட்டும், அதை மட்டும் பாருங்கள் என்றேன். என்னைக் கடைசி வரிசையில் வலப்பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். அங்கிருந்து எல்லார் முதுகும் தெரியும். எனக்கு நேர் முன்னால் ராமநாதபுரத்துக்காரன்.

அவன் போட்ட முறை பார்க்க நன்றாக இருக்காது. குட்டையான ஆள். அவன் ஊரில் கரையிலிருந்து நங்கூரமிட்ட படகுக்குப் போக தெர்மாகோல் மிதவையில் போவார்கள். மிதவையில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் ஒவ்வொரு சிறு பலகையை வைத்துத் தண்ணீரைத் தள்ளுவார்கள். சிறு வயதிலிருந்து அவனுக்கு அந்தப் பழக்கம். அதனால் துடுப்பை எட்டிப் போட மாட்டான். முழங்காலுக்குப் பக்கத்திலேயே இறக்கி, ஒரு வெட்டு வெட்டி, இடுப்புக்கு வருமுன்பே எடுத்துவிடுவான். பிறகு மற்றவர்கள் முடிக்கும்வரை துடுப்பைக் காற்றில் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். மற்ற ஒன்பது துடுப்பும் ஒரு பக்கம் இருக்க, அவனுடையது மட்டும் தனியாகத் தெரியும்.

"அண்ணே, நான் தெர்மாகோல்ல போனவன். இம்புட்டு நீளத் துடுப்பு பிடிச்சதில்ல. தப்பாப் போடுறேனா?" என்று கேட்டான்.

"இறங்கறப்ப எல்லாரோடயும் இறங்குதுல்ல, போடு" என்றேன்.

துடுப்பை எடுத்த இடத்தில் தண்ணீரில் ஒரு சுழி விழும். பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு முன்னால் இருப்பவனின் சுழி தன்னைக் கடந்து போவது தெரியும். சிலருடைய சுழி நுரையாக இருக்கும், உடனே கலைந்துவிடும். அவனுடைய சுழி சின்னது, ஆழமானது. கிணறு மாதிரி கறுப்பாகச் சுழன்றுகொண்டே என் துடுப்பைத் தாண்டிப் போகும். அவன் எவ்வளவு இழுக்கிறான் என்பதற்கு எனக்கு வேறு எதுவும் பார்க்கத் தேவையில்லை.

மூன்றாவது வாரம் இரண்டு நிமிடம் நாலு விநாடிக்கு வந்தோம். படகு ஒவ்வோர் இழுப்புக்கும் நடுவில் தானாகவே வழுக்கிக்கொண்டு போகத் தொடங்கியது. அந்த நேரத்தில் படகுக்கு அடியில் சலசலவென்று ஒரு சத்தம் வரும். அது வந்தால் படகு ஓடுகிறது என்று அர்த்தம். பக்கெட் அடிக்கிறவனுக்குக்கூட அது பிடித்துவிட்டது.

"கேக்குதா? ஏரி எங்கூட பேசிகினு கீது" என்பான்.

பிறகு மேனேஜர் வீடியோ கேட்டார். சூப்பர்வைசர் கரையிலிருந்து எடுத்ததை டிரெய்னிங் ரூம் டி.வி.யில் போட்டுக் காட்டினார்களாம். மேனேஜர் பார்த்துவிட்டு, நாலாவது வரிசையில் ஒருவன் கூழ் கிண்டுகிறான், யார் அது என்று கேட்டாராம். அன்று மாலையே எங்களை அந்த அறைக்குக் கூப்பிட்டார்கள். காலையில் ஷிஃப்ட் தொடங்குமுன் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி செய்யவைக்கும் அறை அது. பத்து நிமிடம் எல்லாரும் ஒரே மாதிரி கை தூக்கி இறக்குவோம்.

சூப்பர்வைசருக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவு. டிப்ளமோ படித்தவர், வாலாஜாபாத்காரர். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் ஒரு ப்ரமோஷன் மூன்று வருடமாக வராமல் இருந்தது. படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். ராமநாதபுரத்துக்காரன் மேல் விரலை வைத்தார்.

"லைன்ல ஒருத்தன் மட்டும் வேற மாதிரி போல்ட் போட்டா என்ன சொல்லுவோம்? NG. இதுவும் NG தான்டா தம்பி. கெட்ட பீஸ்."

அவன் எழுந்து நின்று, "சரி சார்" என்றான்.

பிறகு படத்தை என்மேல் கொண்டுவந்தார். நான் நெட்டை. கை நீளம். துடுப்பு என் முன்னால் தூரத்தில் இறங்கி, நீளமாக வந்து, இடுப்புக்குப் பின்னால் போய் எழுந்தது. என்னை நானே அப்படி அதுவரை பார்த்ததில்லை.

"இதுதான் ஸ்டாண்டர்டு" என்றார். "அண்ணா, கேரளால எல்லாரும் இப்பிடித்தான போடுவாங்க?"

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. அங்கே நூறு பேரும் நூறு விதமாகப் போட்டார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அந்த அறையில் இருந்த எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ரெடிமேட் சட்டையே போட்டு வளர்ந்தவன் நான். ஒரு தையல்காரன்கூட என் கையை அளந்ததில்லை.

"ஆமா" என்றேன்.

மறுநாள் டேப் வந்தது. என்னை உட்காரவைத்து, எட்டச் சொல்லி, துடுப்பு இறங்கிய இடத்தில் அளவு எடுத்தார்கள். அதே அளவைப் பத்து இடத்திலும் ஒட்டினார்கள். துடுப்பு வெளியே வரவேண்டிய இடத்துக்கும் இன்னொரு பத்துத் துண்டு. நெட்டையாக இருந்த மூன்று பேருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நடுத்தர ஆட்கள் கொஞ்சம் குனிந்தார்கள். ராமநாதபுரத்துக்காரன் உட்காரும் பலகையின் நுனிக்கு வந்து, இடுப்பை ஒடித்து, வலது தோளைக் கழற்றி எறிகிற மாதிரி எட்டினால்தான் கோட்டைத் தொட முடிந்தது. அந்த நிலையில் ஒருவனுக்கு இழுக்க வலு இருக்காது. தோள் மட்டும்தான் இழுக்கும்.

ஒரு வாரத்தில் வீடியோ அழகாகிவிட்டது. பத்துத் துடுப்பும் ஒரே சாய்வில் ஏறின, ஒரே சாய்வில் இறங்கின. மேனேஜர் அதை வேறு கம்பெனி நண்பர்களுக்கு அனுப்பினாராம். கேனுக்குக் கேன் நேரம் இரண்டு நிமிடம் பதினொரு விநாடி.

"பழகலல்ல, அதான்" என்றார் சூப்பர்வைசர். என்னைப் பார்த்தார்.

"பழகினா சரியாயிடும்" என்றேன். முதலில் சொன்ன பொய்யை இரண்டாவது பொய் காப்பாற்ற வேண்டியிருந்தது.

சலசலப்புச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. எல்லாரும் ஒன்றாக முன்னால் பாய்ந்து எட்டும்போது படகின் மூக்கு ஒவ்வொரு முறையும் தண்ணீரில் முங்கியது. பாய்ந்த எடையெல்லாம் படகை நிறுத்தியது. எனக்கு முன்னால் அந்தக் கறுப்புச் சுழி வெளுத்துப்போய் நுரையாக வந்தது.

ராமநாதபுரத்துக்காரன் எங்கள் அறைத் தரையிலும் டேப் ஒட்டினான். கம்பெனியிலிருந்து ஒரு முழம் கொண்டுவந்திருந்தான். இரவு எல்லாரும் தூங்கும்போது, உட்கார்ந்து மாப் குச்சியை வைத்து எட்டிப் பழகினான். நான் பாயில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, இன்னும் எம்புட்டு எட்டணும்?"

"எட்டினது போதும்."

"கோட்டுக்கு நாலு விரல் இருக்குண்ணே."

"தோளு வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. உள்ள நறநறங்குது, அம்புட்டுத்தான்." சிரித்தான். "ஊர்ல எங்கய்யா சொல்லும், நீ கடலுக்கு லாயக்கில்லடா, கம்பெனிக்குத்தான்னு. கம்பெனிக்கு வந்தா இங்கிட்டும் துடுப்பக் குடுக்குறாய்ங்க."

அறையில் இருந்த இன்னொருவன் போர்வைக்குள்ளிருந்து, "டேய், தூங்க விடுறா கப்பல் படை" என்றான்.

ராமநாதபுரத்துக்காரனுக்கு லைனில் வேலை, மேலேயிருந்து தொங்கும் போல்ட் கன்னைத் தோள் உயரத்துக்குக் கை தூக்கிப் பிடித்து, இழுத்து, போல்ட் இறுக்குவது. ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை என்று யாரும் எண்ண மாட்டார்கள். அவன் இடது கையால் கன்னைப் பிடித்து இறக்கி, பிறகு வலது கைக்கு மாற்றிக்கொண்டிருந்ததை நான் டிராலி தள்ளும்போது ஒரு நாள் பார்த்தேன். இரண்டு வாரம்தான், தாங்கிக்கொள் என்றேன். படகிலிருந்து இறங்கிவிடு என்று சொல்லவில்லை. இறங்கினால் அவன் பெயர் போய்விடும் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஓர் ஆள் தோள் வலியென்று இறங்கினால் ஸ்டாண்டர்டு யாருடையது என்று கேட்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மேளக்காரன் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய் வந்தவன் ஒரு பொட்டலம் விபூதி கொண்டுவந்தான். படகில் ஏறுமுன் ராமநாதபுரத்துக்காரன் தோளில் பூசினான்.

"நீ வேற சாமின்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் தோளுக்குத் தெரியாதுல்ல. பூசிக்கோ."

"பூசுண்ணே" என்று சட்டையை இறக்கிக் கொடுத்தான் அவன். அவன் கழுத்தில் சிலுவை இருந்தது.

போட்டிக்கு ஆறு நாள் முன்பு, வெளியூர்க் கம்பெனியிலிருந்து ஆடிட் வந்ததால் சூப்பர்வைசர் ஏரிக்கு வரவில்லை. நாங்கள் மட்டும் இறங்கினோம். இரண்டு முறை டேப்புக்கு எட்டிப் போட்டோம். எல்லாருக்கும் அலுத்துப்போனது.

"யாரும் இல்லல்ல" என்றான் மேளக்காரன். "ஒருவாட்டி பழைய மாதிரி அடிக்கலாமா? பழசுன்னா சுத்தப் பழசு. கோடு கீடு பாக்காதீங்க."

முன்வரிசையில் இருந்தவன் துடுப்பைத் தயாராகப் பிடித்தான். பக்கெட் ஒலித்தது.

முதல் பத்து இழுப்பு உதறலாக இருந்தது. பிறகு கீழே அந்தச் சத்தம் வந்தது. எனக்கு முன்னால் அவன் பலகையில் பின்னுக்கு நகர்ந்து நன்றாக உட்கார்ந்தான். முதுகு நிமிர்ந்தது. துடுப்பு அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் இறங்கியது. கறுப்புச் சுழி ஒன்று வந்தது, இன்னொன்று வந்தது. மேளக்காரன் கேனைப் பார்த்து, எங்களைப் பார்த்து, கெட்ட வார்த்தையில் சந்தோஷமாகக் கத்தினான். பின்னால் நின்று திருப்புகிற ஆள் தன் போனில் நேரம் பார்த்துச் சொன்னான். இரண்டு நிமிடமும் ஒரு விநாடியும்.

கரைக்கு வந்ததும் பத்துப் பேரும் பேசினோம். சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும் என்று முடிவானது. யார் சொல்வது என்பதில் ஒரு சந்தேகமும் யாருக்கும் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மதியம் லைன் ஓரத்தில் பிடித்துச் சொன்னேன். இரண்டு ஒன்று என்றேன். அவர் ஆடிட் பேப்பர்களைக் கையில் வைத்திருந்தார்.

"வீடியோ இருக்கா?"

"இல்ல சார். ஆனா நேரம் பாத்தோம்."

"யாரு பாத்தா?"

"படகுக்காரரு."

பேப்பர்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அண்ணா, நீங்கதான கேரளால எல்லாரும் ஒரே மாதிரி போடுவாங்கன்னு சொன்னீங்க? மேனேஜர்கிட்ட நான் அதத்தான் சொல்லியிருக்கேன். இப்ப போயி நான் என்னன்னு சொல்றது?" குரலைத் தணித்துக்கொண்டார். "ஜெயிக்கறதுக்கு ஒரு கப்பு. யூனிஃபார்மா போடறதுக்கு தனியா ஒரு கப்பு வெச்சிருக்காங்க. அவருக்கு அதுதான் வேணும். மேடைல உக்காந்திருக்கறவருக்கு எத்தன செகண்டுன்னு தெரியாது. எப்பிடி இருக்குன்னுதான் தெரியும்."

"அந்தப் பையனுக்குத் தோளு போயிடும் சார்."

"எடுத்துடட்டுமா அவன? இப்பவே எடுத்துடறேன். சப்ஸ்டிட்யூட் ரெண்டு பேர் இருக்காங்க."

அறைக்குப் போய் அவனிடம் கேட்டேன். எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று.

"அண்ணே, சும்மா இருங்க. இன்னும் அஞ்சு நாளு" என்றான்.

போட்டியன்று கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். ஐந்து படகு. எங்கள் படகில் புது மேளம். பத்துப் பேருக்கும் ஒரே நிறச் சட்டை, ஒரே தொப்பி. டேப்பைக் காலையில் புதிதாக மாற்றியிருந்தார்கள். ராமநாதபுரத்துக்காரன் ஏறும்போது இடது கையால் விளிம்பைப் பிடித்து ஏறினான்.

பாதித் தூரம்வரை மூன்றாவதாக இருந்தோம். அவன் சுழி நுரையாகத்தான் வந்துகொண்டிருந்தது, ஆனால் வந்தது. பிறகு ஓர் இழுப்பில் அவன் தோளில் ஏதோ இடம் மாறியதைச் சட்டைக்கு மேலேயே பார்த்தேன். அவனிடமிருந்து ஒரு சின்னச் சத்தம், இருமலை அடக்குகிற மாதிரி. துடுப்பு நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. எட்டியது, மஞ்சள் கோட்டில் இறங்கியது, சரியான சாய்வில் பின்னால் வந்தது, இரண்டாவது கோட்டில் எழுந்தது. அடுத்ததும் அப்படியே. ஆனால் எனக்கு முன்னால் தண்ணீர் அசையாமல் கிடந்தது. சுழியே இல்லை. இடது கையால் மேலேயிருந்து துடுப்பை நடத்திக்கொண்டு, வலது கையை அதன்மேல் வெறுமனே வைத்திருந்தான். துடுப்பு தண்ணீரை ஏமாற்றிவிட்டுப் போய்வந்துகொண்டிருந்தது. கடைசிவரை ஓர் இழுப்புகூடத் தவறவில்லை. மேளக்காரன் அவனையே பார்த்துக்கொண்டு அடித்தான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று மேளக்காரனுக்குத்தான் தெரியும். என்னிடம் பிறகும் அவன் சொல்லவில்லை.

நாலாவதாக வந்தோம். சீராகப் போட்ட குழுவுக்கான கோப்பை எங்களுக்குத்தான். மேடையில் வரிசையாக நிற்க வைத்தார்கள். கோப்பையைத் தலைக்குமேல் தூக்கச் சொன்னபோது ஒன்பது வலது கை உயர்ந்தது.

"இன்னொரு கை?" என்று போட்டோ எடுக்கிறவன் கேட்டான்.

"லெஃப்ட்டு தூக்குறேண்ணே" என்றான் அவன்.

திங்கட்கிழமை லைனில் அவனால் கன்னைப் பிடிக்க முடியவில்லை. கம்பெனி நர்ஸ் ஐஸ் வைத்து அனுப்பினாள். வெளியே ஸ்கேன் எடுத்ததில் தோளில் தசைநார் கிழிந்திருந்தது. போட்டியில் அடிபட்டது என்று எழுத சூப்பர்வைசர் தன்னால் ஆனமட்டும் முயன்றார், அதை நான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை நாள் இல்லை, பெயர் கொடுத்தது அவரவர் விருப்பம் என்று பதில் வந்தது. வீடியோவைப் போட்டுப் பார்த்தார்களாம். கடைசிவரை ஒழுங்காகப் போட்டிருக்கிறானே, எங்கே அடிபட்டது என்று கேட்டார்களாம்.

அடுத்த மாதக் கடைசியில் பட்டியல் ஒட்டினார்கள். படகில் இருந்த பயிற்சியாட்களில் இரண்டு பேர் நிரந்தரம். மேனேஜர் கண்ணில் படும் என்று சொன்னது பொய்யில்லை. அவன் பெயருக்கு நேரே மருத்துவத் தகுதி இல்லை என்று இருந்தது.

ஒரகடம் ஜங்ஷனில் பஸ் ஏற்றிவிட நானும் மேளக்காரனும் போனோம். பையை நான் தூக்கினேன். அன்றைக்குத்தான் அவனிடம் சொன்னேன், கேரளாவில் எல்லாரும் ஒரே மாதிரி போட மாட்டார்கள், அன்று டிரெய்னிங் ரூமில் நான் சொன்னது பொய் என்று.

"தெரியும்ணே" என்றான். "மொத வாரம் நீங்க ஒரு தடவகூட எங் கைய மாத்திப் போடுன்னு சொல்லலல்ல."

"அப்ப ஏன்டா கேக்கல?"

"கேட்டா என்னண்ணே, உங்கள எறக்கிவிட்டுட்டு வேற நெட்டையன வெச்சு அளந்திருப்பாய்ங்க."

மேளக்காரன் வேறு பக்கம் திரும்பி, "பஸ் வர்து பாரு, பஸ் வர்து பாரு" என்று இல்லாத பஸ்ஸைக் காட்டினான்.

நான் அதற்குப் பிறகு நாலு மாதம் அங்கே இருந்தேன். போட்டோவைப் பெரிதாக்கி கேன்டீன் சுவரில் மாட்டியிருந்தார்கள். மேடையில் எடுத்தது இல்லை, தண்ணீரில் எடுத்தது. பத்துத் துடுப்பும் ஒரே சாய்வில். சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது அது நேர் எதிரே இருக்கும். ஸ்டோர்ஸுக்குப் புதிதாக வந்தவர்கள் இதில் நீங்கள் எங்கே என்று கேட்பார்கள். காட்டுவேன். பிறகு ஒரு நாள் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அவனுக்கு எப்போதாவது போன் செய்வேன். ஆபரேஷன் செய்தால் பாதி சரியாகலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். வேறொருவர் படகில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார்கள், வலை இழுக்க முடியாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். போன மாதம் பேசியபோது என்னடா செய்கிறாய் என்று கேட்டேன்.

"நங்கூரத்துல கெடக்கிற படகுக்குச் சோத்துச் சட்டி கொண்டுபோயிக் குடுக்குறேண்ணே, தெர்மாகோல்ல."

"கை?"

"எடது கைதான் போடுது. ஒத்தப் பக்கமாப் போட்டா வட்டமாச் சுத்துதுண்ணே. ரெண்டு சுத்துச் சுத்தி, அலை தள்ளுற நேரம் பாத்து நேராப் போகணும். போயிச் சேருறதுக்குள்ள கொழம்பு ஆறிப்போகுதுன்னு திட்டுறாய்ங்க."

சிரித்தான். பின்னால் அலைச் சத்தம் கேட்டது. எத்தனை நிமிடம் ஆகிறது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.